கைக்குழந்தையின் கண்ணுக்குள் ஒரு வாய்க்கால்



வானொலியில் 20 நிமிடம் பேசியதை எழுத்தில் தரும்படி பலர் கேட்டதால் இதை எழுதுகிறேன். நேரம் போதாமல் விட்ட சிலவற்றையும் சேர்த்திருக்கிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் வைத்தியன் அல்லன். வர்த்தகம் படித்துக் கணக்காளராக வேலை செய்பவன், ஞாயிற்றுக்கிழமைகளில் ஒலிவாங்கிக்கு முன்னால் இருப்பவன். எனவே இதை வைத்திய ஆலோசனையாக எடுக்க வேண்டாம். என் காதுக்கு எட்டியதையும் பின்னர் தேடி வாசித்ததையும் உங்களோடு பகிர்கிறேன், அவ்வளவுதான்.

ஒருநாள் நிகழ்ச்சி முடிந்து நிலையத்தைப் பூட்டும் நேரத்தில் தொலைபேசி அடித்தது. ஸ்காபரோவிலிருந்து ஒரு அம்மம்மா. "தம்பி, என்ர பேரனுக்கு மூண்டு மாசம். கண் பெரிசு. வாற சனம் எல்லாம் என்ன வடிவான கண் எண்டு சொல்லிப்போட்டுப் போகினம். ஆனா பிள்ளை வெளிச்சத்தைப் பாக்கிறானில்லை. யன்னல் சீலையை விலக்கினா முகத்தை என்ர தோளுக்குள்ள புதைக்கிறான். ஒரே கண்ணீர்" என்றார். வீட்டுக்குப் பக்கத்திலிருந்த ஒரு கிளினிக்கில் காட்டினார்களாம். கண்ணீர்க் குழாய் அடைப்பு, மூக்கோரம் தடவிவிடுங்கள், தானாகத் திறக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அம்மம்மா தன் பங்குக்குத் தாய்ப்பாலும் இரண்டு துளி விட்டுப் பார்த்திருக்கிறார். நாவூறும் கழித்திருக்கிறார்.

எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் வெளிச்சத்துக்குப் பயப்படுகிறது என்ற சொல் மனத்தை உறுத்தியது. நாளைக்கே கண் பரிசோதகரிடம் கொண்டுபோங்கள் என்று மட்டும் சொன்னேன். கொண்டுபோனார்கள். அவர் பார்த்த அன்றே பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தக் குடும்பத்தின் அனுமதியோடு, பெயரும் இடமும் சொல்லாமல், இந்தக் கதையைத் தொடர்கிறேன். பிள்ளைக்கு இருந்தது பிறவிக் குளோக்கோமா.

குளோக்கோமா என்றால் வயது போனவர்களின் வருத்தம் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். கண்ணுக்குள் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும் நோய் அது. அரிதாகக் குழந்தைகளுக்கும் வரும். மேற்கு நாடுகளில் ஏறத்தாழ 10,000 பிறப்புக்கு 1 என்று சொல்வார்கள். ஆந்திராவில் கணக்கெடுத்தபோது 3,300க்கு 1 என்று வந்தது. ஏன் இந்த வித்தியாசம் என்பதற்குப் பின்னர் வருகிறேன்.

நோயை விளங்க வேண்டுமானால் முதலில் கண்ணுக்குள் ஓடும் நீரை விளங்க வேண்டும். இது கண்ணீர் அல்ல. கண்ணீர் வெளியே சுரப்பது. நான் சொல்லும் நீர் கண்ணுக்கு உள்ளே, கதிராளிக்குப் பின்னால் சுரக்கிறது. கதிராளி என்பது கண்மணியைச் சுற்றியுள்ள நிறமுள்ள வளையம். அந்த நீர் கண்மணியின் ஓட்டையால் முன்னுக்கு வந்து, கதிராளியும் கோர்னியா என்ற கண்ணாடிபோன்ற முன்படலமும் சந்திக்கும் மூலையில் உள்ள ஒரு சல்லடையால் வடிந்து, அதன் பின்னால் வட்டமாக ஓடும் மிக நுண்ணிய வாய்க்காலில் இறங்கி, இரத்தத்தோடு கலக்கிறது. 1830இல் ஃபிரீட்ரிக் ஷ்லெம் என்ற ஜேர்மன் உடற்கூற்றியலாளர் விவரித்ததால் அதற்கு ஷ்லெம் வாய்க்கால் என்று பெயர்.

ஊரில் தோட்டத்துக்கு நீர் இறைத்தவர்களுக்கு இது புதிதல்ல. பட்டை வாய்க்காலில் சருகு அடைத்தால் தண்ணீர் எங்கே போகும்? வரம்பை உடைக்கும். பெரியவர்களின் கண் வரம்பு இறுகியது, உடையாது, விரியாது, ஆகவே அழுத்தம் முழுவதும் நரம்பில் இறங்கும். குழந்தையின் கண் சுவரோ இன்னும் இளகியது. அது விரிகிறது. பிறந்த குழந்தையின் கோர்னியா ஏறத்தாழ 10 மில்லிமீற்றர் அகலம். ஒரு வயதுக்குள் அது 12ஐத் தாண்டினால் வைத்தியர்கள் சந்தேகப்படுவார்கள். விரிய விரிய கோர்னியாவின் உட்புறத் தோல் வெடிக்கிறது. அந்த வெடிப்புக்குள் நீர் புகுந்து கண் பால்போலக் கலங்குகிறது. இந்த வெடிப்புகளுக்கு, 1899இல் எழுதிய சுவிஸ் வைத்தியர் ஒட்டோ ஹாப்பின் பெயர் இருக்கிறது. நோயின் பழைய கிரேக்கப் பெயரே மாட்டுக்கண் என்பதுதான். பெரிய கண்ணை வடிவென்று கொண்டாடும் சமூகம் நாங்கள். மீனாட்சி, விசாலாட்சி, கயல்விழி என்று பெயரும் வைப்போம். அதனால்தான் நம்மவர் வீடுகளில் இந்த நோய் பாராட்டுக்குள் ஒளிந்துவிடுகிறது என்று எனக்குப் படுகிறது.

கண்ணீர்க் குழாய் அடைப்பு மிகச் சாதாரணம், பிறக்கும் குழந்தைகளில் பலருக்கு உண்டு. கிளினிக்கில் இருந்தவர் அதை நினைத்ததில் வியப்பில்லை. ஆனால் அந்த அடைப்பில் பீளை கட்டும், கண் ஒட்டும், கோர்னியா மட்டும் தெளிவாகவே இருக்கும், பிள்ளை வெளிச்சத்தைப் பார்க்கும். குளோக்கோமாவில் கண்ணீரோடு வெளிச்சக் கூச்சமும், கண்ணை இறுக்கி மூடிக்கொள்வதும் சேர்ந்து வரும். கண் பெருத்தோ கலங்கியோ இருக்கும். இரு கண்ணும் ஒரே அளவில் பெருத்தால் வீட்டில் உள்ளவர்களுக்குக் கண்டுபிடிப்பது கடினம். ஒன்று மட்டும் பெருத்தால் யாராவது கவனிப்பார்கள்.

இந்த நோய்க்குச் சொட்டு மருந்து முதல் உதவிதான். அழுத்தத்தைச் சில நாள் இறக்கிவைக்கும், வாய்க்காலைத் திறக்காது. திறப்பதற்குச் சத்திரசிகிச்சை வேண்டும், அதுவும் கெதியாக வேண்டும். நரம்பில் போனது திரும்பி வராது.

இந்தச் சத்திரசிகிச்சையின் வரலாறு முழுவதும் ஒரு கேள்வியைச் சுற்றித்தான் ஓடுகிறது: வைத்தியருக்கு அந்த மூலை தெரிகிறதா? 1893இல் இத்தாலியில் டி வின்சென்ரிஸ் என்பவர் அந்த மூலையைக் கீறிவிடலாம் என்று செய்து பார்த்தார். ஆனால் கோர்னியாவின் வளைவினால் மூலை வெளியிலிருந்து தெரியாது. ஒளி உள்ளேயே திரும்பிவிடும். தடவித்தான் கீற வேண்டியிருந்தது. அது நிலைக்கவில்லை. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒட்டோ பார்க்கன் அதே கீறலைக் கண்மேல் ஒரு விசேட வில்லையை வைத்து, மூலையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே செய்தார். 1942இல் பிறவிக் குளோக்கோமாவுக்கு அதை எழுதி வெளியிட்டார். அதுவரை பெரும்பாலும் குருட்டில் முடிந்த நோய்க்கு அப்போதுதான் வழி பிறந்தது. கீறல் அதே கீறல்தான், கண்ணுக்குத் தெரிந்தது மட்டும்தான் புதிது.

ஆனால் கோர்னியா கலங்கியிருந்தால் அந்த வில்லையாலும் தெரியாது. அதற்காக 1960இல் வேறு வழி வந்தது. வெள்ளைவிழியில் சிறு கதவுபோல வெட்டித் திறந்து, வெளிப்பக்கமாக வாய்க்காலைத் தேடிப் பிடித்து, அதற்குள் நூலையோ கம்பியையோ விட்டு உட்சுவரைக் கிழித்துவிடுவது. இதற்குக் கோர்னியா தெளிவாக இருக்கத் தேவையில்லை. சிக்கல் எங்கே என்றால், விரிந்துபோன கண்ணில் அடையாளங்கள் இடம் மாறிவிடும். வெள்ளைவிழியும் கறுவிழியும் சந்திக்கும் கோடு இழுபட்டு அகன்றிருக்கும். வழக்கமாக இந்த இடத்தில் வெட்டினால் வாய்க்கால் வரும் என்ற கணக்கு பிழைத்துவிடும். வாய்க்கால் கிடைக்காமல் வேறு படைக்குள் கம்பி போகவும் கூடும்.

இங்கேதான் நம்முடைய நகரம் கதைக்குள் வருகிறது.

1980களில் ரொறன்ரோவின் பிரின்சஸ் மார்கிரட் மருத்துவமனையில், ஸ்ருவர்ட் ஃபொஸ்ரர் என்ற பௌதிகவியலாளரின் ஆய்வுகூடம் மிக உயர்ந்த அதிர்வெண் கொண்ட அல்ட்ராசவுண்ட் ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தது. நோக்கம் கண் அல்ல, புற்றுநோய். ஆய்வுகூடத்தில் வளர்த்த உயிருள்ள புற்றுக் கட்டிகளின் உள்ளமைப்பை வெட்டாமல் பார்க்க முடிந்ததை மைக்கேல் ஷெராரும் ஃபொஸ்ரரும் சகாக்களும் 1987இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். சார்ள்ஸ் பாவ்லின் என்ற கண் வைத்தியர் அதைக் கண்ணுக்குத் திருப்பினார். 1990இல் பாவ்லின், ஷெரார், ஃபொஸ்ரர் மூவரும் முழுக் கண்ணின் உட்படைகளை அந்த ஒலியால் படம்பிடித்து வெளியிட்டார்கள். 1991இல் நோயாளர்களின் கண்கள், 1992இல் குளோக்கோமாக் கண்கள் என்று அடுத்தடுத்து வந்தன. அல்ட்ராசவுண்ட் பயோமைக்ரோஸ்கோப், சுருக்கமாக யூ.பி.எம். என்று இன்று உலகம் முழுவதும் சொல்வது இதைத்தான். ஃபொஸ்ரர் 1999இல் விசுவல்சொனிக்ஸ் என்ற நிறுவனத்தையும் இங்கேயே தொடங்கினார்.

ஒரு சின்ன இடைச்செருகல். பிரின்சஸ் மார்கிரட் இப்போது யூனிவர்சிற்றி அவெனியூவில், சிறுவர் மருத்துவமனைக்கு எதிர்ப்பக்கம் இருக்கிறது. ஆனால் 1995 வரை அது ஷேர்போர்ன் வீதியில் இருந்தது. நம்மில் பலர் வந்திறங்கிய வெல்லஸ்லி மாடிக் கட்டடங்களுக்குக் கூப்பிடு தூரம். நான் 1990இல் 19 வயதில் வந்து, கோப்பை கழுவும் வேலைக்கு அந்த வழியால்தான் நடந்து போவேன். உள்ளே என்ன நடக்கிறதென்று யாருக்குத் தெரியும்? புற்றுநோய் ஆஸ்பத்திரி என்று தலையைக் குனிந்துகொண்டு கடந்துவிடுவோம்.

கருவிலுள்ள பிள்ளையைப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் உங்களுக்குத் தெரியும். அது சுமார் 3 முதல் 5 மெகாஹேர்ட்ஸ். யூ.பி.எம். 50 மெகாஹேர்ட்ஸ் அளவு. அதிர்வெண் கூடினால் நுணுக்கம் கூடும், ஆழம் குறையும். ஆகவே இது 4, 5 மில்லிமீற்றருக்கு மேல் உள்ளே போகாது. ஆனால் அந்த ஆழத்துக்குள் ஏறத்தாழ 50 மைக்ரோன், அதாவது ஒரு மில்லிமீற்றரின் இருபதில் ஒரு பங்கு அளவான விடயங்களைப் பிரித்துக் காட்டும். கண்ணின் முன்பகுதிக்கு அந்த ஆழம் போதும். எல்லாவற்றையும்விட முக்கியம், ஒலிக்குக் கலங்கிய கோர்னியா ஒரு பொருட்டே அல்ல. ஒளிக்குத்தான் அது திரை. கதிராளியின் பின்புறத்தில் உள்ள நிறமிப் படையும் ஒளியை மறிக்கும், ஒலி அதையும் தாண்டிப் போகும்.

இதைப் பிள்ளை முழித்திருக்கும்போது செய்வது எளிதல்ல. மயக்கமருந்து கொடுத்து, கண்மடல்களுக்கு நடுவில் சிறு கிண்ணம் ஒன்றை வைத்து, அதில் நீர்மம் நிரப்பி, அதற்குள் ஒலிமுனையை அசைப்பார்கள். அதே மயக்கத்திலேயே அழுத்தம், கோர்னியாவின் அகலம், கண்ணின் நீளம், நரம்பின் நிலை எல்லாம் பார்ப்பார்கள். அழுத்தத்தை ஆரம்பத்திலேயே அளந்துவிடுவார்கள், பெரும்பாலான மயக்கவாயுக்கள் அழுத்தத்தைக் குறைத்துக் காட்டும் என்பதால். ஆண்டுமுடிவுக்கு ஒரு கிழமை முன்னால் கடனைக் கட்டி ஐந்தொகையை வடிவாக்கும் கம்பனிகள் எனக்கு ஞாபகம் வந்தன.

அம்மம்மாவுக்கு ஆங்கிலம் வராது, பிள்ளையின் தாய் கனடாவுக்கு வந்து அதிக காலம் இல்லை, தகப்பனுக்கு இரவு வேலை. ஆகவே ஒருநாள் நானும் மொழிபெயர்க்கப் போயிருந்தேன். வைத்தியர் படத்தைக் காட்டினார். சாம்பல் நிறத்தில், வில்போல வளைந்த ஒரு பட்டை. அதன் கீழே சாய்வாக வந்து முட்டும் இன்னொரு பட்டை. முட்டும் இடத்தைப் பென்சிலால் தொட்டு, "கதிராளி இந்தப் பிள்ளைக்கு வழமையைவிட முன்னுக்கு வந்து ஒட்டியிருக்கிறது, சல்லடை முதிரவில்லை" என்றார். பிறகு வெள்ளையான பகுதிக்குள் ஒரு சிறு கறுப்புக் கீற்றைக் காட்டினார். "வாய்க்கால் இருக்கிறது." நான் அதைத் தமிழில் சொன்னபோது அம்மம்மா கையெடுத்துக் கும்பிட்டார். யாரை என்று நான் கேட்கவில்லை.

அந்தக் கீற்று ஏன் முக்கியம்? பிறவிக் குளோக்கோமாவில் சில கண்களில் வாய்க்கால் ஒழுங்காக உருவாகாமலே இருக்கும், அல்லது சில இடங்களில் மட்டும் இருக்கும். இந்தியாவிலும் சீனாவிலும் இந்தப் படங்களை ஆராய்ந்தவர்கள் இதை எழுதியிருக்கிறார்கள். வாய்க்கால் இருக்கிறது என்று தெரிந்தால் அதைத் திறக்கும் சிகிச்சையைத் துணிந்து எடுக்கலாம், எங்கே வெட்டினால் அதன்மேல் இறங்கலாம் என்று விரிந்த கண்ணிலும் அளந்து சொல்லலாம். இல்லையென்றால், இல்லாத வாய்க்காலைத் தேடி நேரத்தையும் திசுவையும் வீணாக்காமல், புதிய வடிகால் வழி அமைக்கும் சிகிச்சைக்கோ சிறு குழாய் வைப்பதற்கோ ஆயத்தமாகலாம். சிலவேளை கலங்கலுக்குப் பின்னால் இருப்பது வேறொரு பிறவிக் குறைபாடு என்பதும் படத்தில்தான் தெரியவரும். வில்லை கோர்னியாவோடு ஒட்டியிருப்பது, கதிராளியே இல்லாமல் இருப்பது போன்றவை. அப்போது திட்டமே மாறும்.

வாய்க்காலைத் திறப்பதிலும் கண்ணுக்குத் தெரியும் ஒரு உபாயம் வந்திருக்கிறது. 1995இல் பெக், லிஞ்ச் என்ற இரு வைத்தியர்கள் தையல் நூலை வாய்க்காலுக்குள் முழு வட்டமும் ஓட்டி ஒரே முறையில் திறக்கும் வழியை எழுதினார்கள். முன்னர் மூன்றில் ஒரு பங்கு திறந்து, போதாவிட்டால் இன்னொரு நாள் மற்றப் பங்கு என்று மயக்கமருந்து பலமுறை கொடுக்க வேண்டி வந்தது. நூலில் உள்ள பயம், அது வழிதவறினால் தெரியாது. அதனால் இப்போது கால் மில்லிமீற்றர் தடிப்பான ஒரு நுண்குழாய் பயன்படுகிறது. அதன் நுனியில் சிவப்பு விளக்கு மினுங்கும். வெள்ளைவிழியூடாக அந்த ஒளிப்புள்ளி வட்டமாக நகர்வது மேலே தெரியும். ஓரத்தை விட்டு விலகினால் பிழையான பாதை, உடனே நிறுத்தலாம். முழு வட்டம் சுற்றி மறுபக்கம் வந்ததும் இரு முனைகளையும் பிடித்து இழுக்க, உட்சுவர் திறந்துகொள்ளும். இரவில் நண்டு பிடிக்கப் போன லாம்பு வெளிச்சம் கரையோரம் நகர்வதுபோல என்று அம்மம்மாவுக்குச் சொன்னேன். அவர் கரையூர்ப் பக்கம், சட்டென்று விளங்கிவிட்டது.

ஒளியால் படம்பிடிக்கும் ஓ.சி.ரி. என்ற கருவியும் உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.ரி.யில் 1991இல் வந்தது. கையில் பிடித்துக் கிடத்தியிருக்கும் குழந்தைமேல் காட்டக்கூடிய வடிவமும் பின்னர் வந்தது. கண்ணைத் தொடத் தேவையில்லை, நுணுக்கம் யூ.பி.எம்.மைவிட அதிகம். ஆனால் கண் நன்றாகக் கலங்கியிருந்தால் ரொறன்ரோக் கருவிதான் கைகொடுக்கும். இரண்டும் இருக்கும் இடத்தில் இரண்டையும் பார்ப்பார்கள். இரண்டுமே இல்லாத மருத்துவமனைகள் உலகில் ஏராளம்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. படம் இல்லாவிட்டால் சிகிச்சை இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஐதராபாத் எல்.வி. பிரசாத் கண் நிறுவனத்தில் அனில் குமார் மண்டல் என்ற வைத்தியர் பிறந்து சில நாட்களேயான குழந்தைகளுக்கும் சத்திரசிகிச்சை செய்து, வாய்க்காலைத் திறப்பதையும் புதிய வடிகால் அமைப்பதையும் ஒரே அமர்வில் சேர்த்து நல்ல பலன் காட்டினார். 2003இல் அவருக்குச் சாந்தி சுவரூப் பட்நாகர் விருது கிடைத்தது. அனுபவமுள்ள கை முதல் தேவை. படம் அந்தக் கைக்கு வழிகாட்டி. படம் பார்த்துச் செய்ததால் இத்தனை வீதம் கூடுதலாகப் பலன் என்று நிறுவும் பெரிய ஒப்பீட்டு ஆய்வுகளும் குறைவு. நோயே அரிதானதால் எண்ணிக்கை சேர்வதில்லை.

மூன்று மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் இடையில் வெளிப்படும் நோய்க்கு இந்த வகைச் சிகிச்சைகளின் பலன் நல்லது, பத்தில் எட்டுப் பேருக்குக் குறையாமல் அழுத்தம் கட்டுப்படும், சிலருக்கு இரண்டாம் முறை தேவைப்படலாம் என்று சொல்கிறார்கள். பிறக்கும்போதே கலங்கிய கண்ணோடு பிறந்தால் பலன் குறைவு. நமது பிள்ளைக்கு இரு கண்ணும் ஒரு கிழமை இடைவெளியில் செய்தார்கள். இரண்டாம் மாதம் மறுபடி மயக்கி அளந்தபோது அழுத்தம் இரு கண்ணிலும் 15க்குக் கீழே. அத்தோடு முடியவில்லை. வெடிப்புத் தழும்புகளாலும் கண்ணின் நீளத்தாலும் கிட்டப்பார்வையும் கோணல் பார்வையும் வரும். ஒரு கண் பின்தங்கினால் மூளை அந்தக் கண்ணை ஒதுக்கிவிடும். இப்போது பிள்ளை கண்ணாடி போட்டிருக்கிறான், நாளுக்கு இரண்டு மணித்தியாலம் நல்ல கண்ணை மறைத்து ஒட்டுகிறார்கள். அவன் பிய்த்து எறிகிறான், அம்மம்மா திரும்ப ஒட்டுகிறார். அழுத்தம் பல வருடம் கழித்தும் ஏறலாம் என்பதால் வாழ்நாள் முழுவதும் பரிசோதனை உண்டு.

இனி, தள்ளிவைத்த கேள்வி. ஆந்திராவில் ஏன் அதிகம்? பிறவிக் குளோக்கோமாவில் பெரும் பங்குக்குக் காரணமான மரபணு 1997இல் அடையாளம் காணப்பட்டது. தாயிடமும் தகப்பனிடமும் பழுதான பிரதி ஒவ்வொன்று இருந்தால் அவர்களுக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு நோய்க்கு உண்டு. இரத்த உறவுக்குள் முடித்தால் இருவரிடமும் ஒரே பழுது இருக்கும் சாத்தியம் கூடும். மச்சான் மச்சாள் கலியாணம் நமக்குள் முறையானது, நான் அதைக் குறைசொல்ல வரவில்லை, என் பெற்றோரே அப்படித்தான். ஆனால் அப்படி முடித்த வீட்டில் ஒரு பிள்ளைக்கு இந்த நோய் வந்திருந்தால், அடுத்த பிள்ளை பிறந்த கிழமையிலேயே கண் வைத்தியர் பார்க்க வேண்டும். ஊரில் ஒரு சித்தப்பாவுக்கோ மாமிக்கோ சிறுவயதிலேயே கண் தெரியாமல் போயிருந்தால் அதை மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். அந்தக் காலத்தில் அம்மை போட்டுப் போனது என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள்.

நிகழ்ச்சிக்குப் பிறகு வந்த அழைப்புகளில் பாதி, செலவு பற்றியது. ஒன்ராரியோவில் 19 வயதுவரையுள்ள பிள்ளைகளுக்கு வருடத்துக்கு ஒரு முழுக் கண் பரிசோதனையை ஓஹிப் ஏற்கிறது. கண் பரிசோதகரிடம் போகக் குடும்ப வைத்தியரின் கடிதம் தேவையில்லை. கைக்குழந்தைகளைப் பார்ப்பாரா என்று மட்டும் தொலைபேசியில் முன்கூட்டிக் கேளுங்கள்.

போகும்போது, பிறந்த நாளிலிருந்து தொலைபேசியில் எடுத்த படங்களையும் கொண்டுபோங்கள். நமது பிள்ளையின் தாய் மருத்துவமனையில் பிறந்தவுடன் எடுத்த படத்தையும் 31ஆம் நாள் துடக்குக் கழிவன்று எடுத்த படத்தையும் காட்டினார். கண் எவ்வளவு கெதியாகப் பெருத்தது, எந்தக் கிழமையில் கலங்கத் தொடங்கியது என்பதை வைத்தியர் அவற்றை அடுத்தடுத்து வைத்துத்தான் கணித்தார்.